கடும் வைரஸ் காய்ச்சலுக்குப் பின் ரத்தசோகை: இரும்புச்சத்தை எப்போது பார்ப்பது, எப்போது கொடுப்பது

ஐப்பசி அடைமழையில் நடவு வயலில் தண்ணீர் நிற்கிற அதே நாட்களில் கொல்லைப்புறத் தேங்காய்த் தொட்டியிலும் பழைய டயரிலும் சிமெண்டுத் தொட்டியிலும் தண்ணீர் நிற்கும். டெல்டாவில் டெங்கு ஏறுவதும் அப்போதுதான். ஆஸ்பத்திரியில் ஏழெட்டு நாள் கிடந்து வீடு திரும்புகிறவர் கையில் ஒரு ரிப்போர்ட் இருக்கும்: ஹீமோகுளோபின் 9, ஃபெரிட்டின் 1,400. ஃபெரிட்டின் என்றால் உடம்பின் இரும்புக் கையிருப்பு என்று யாரோ சொல்லியிருப்பார்கள். கையிருப்பு இவ்வளவு இருந்தும் ரத்தம் ஏன் குறைந்தது? இரும்பு மாத்திரை கொடுக்கலாமா, கூடாதா?

டெங்கு, கொரோனா, கடுமையான இன்ஃப்ளூயன்சா என்று எந்த வைரஸ் ஆளைப் படுக்கப் போட்டாலும் இந்தக் கேள்வி வரும். சுருக்கமான பதில்: காய்ச்சல் அடிக்கும்போது இரும்புக்கு அவசரப்படக் கூடாது, காய்ச்சல் விட்டபின் அதை மறந்துவிடவும் கூடாது. பெரும்பாலான வீடுகளில் நடப்பது இதற்கு நேர் எதிர். படுக்கையில் கிடக்கும்போது டானிக்காக ஊற்றுகிறார்கள். எழுந்து நடமாடத் தொடங்கியதும் மாத்திரை அலமாரிக்குப் போய்விடுகிறது.

மதகு அடைபடுவது

கிருமிகள் பெருக இரும்பு வேண்டும். அதனால் தொற்று வந்ததும் உடம்பு முதலில் இரும்பைப் பூட்டி வைக்கிறது. அழற்சிச் சமிக்ஞை போய்ச் சேர்ந்ததும் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. குடல் அணுக்களிலிருந்தும், பழைய சிவப்பணுக்களை விழுங்கி இரும்பைப் பிரித்தெடுக்கும் அணுக்களிலிருந்தும் இரும்பு ரத்தத்துக்கு வருகிற வழியை அது அடைத்துவிடுகிறது. ஏரி நிறைந்திருக்கிறது, மதகு இறங்கிவிட்டது, கடைமடை காய்கிறது. இங்கே கடைமடை என்பது சிவப்பணு உற்பத்தியாகும் எலும்பு மஜ்ஜை.

மஜ்ஜைக்கு ஒரு நாளைக்கு 20 முதல் 25 மில்லிகிராம் இரும்பு தேவை. சாப்பாட்டிலிருந்து உடம்பு ஈர்ப்பது 1, 2 மில்லிகிராம்தான். மீதி எல்லாம் பழைய சிவப்பணுக்களிலிருந்து மறுபடி எடுத்துக்கொள்வது. அந்த மறுசுழற்சி நின்றால் சில மணி நேரத்திலேயே சீரம் அயர்ன், அதாவது ரத்தத்தில் ஓடும் இரும்பு, சரியும். பூட்டிய இரும்பு உள்ளே தங்குவதாலும், அழற்சியிலேயே ஃபெரிட்டின் தானாக ஏறுவதாலும், ரிப்போர்ட்டில் ஃபெரிட்டின் நூற்றுக்கணக்கில், சில சமயம் ஆயிரக்கணக்கில் காட்டும். காய்ச்சலின்போது எடுத்த ஃபெரிட்டின் இரும்பின் அளவைச் சொல்வதில்லை, அழற்சியின் சூட்டைத்தான் சொல்கிறது.

இந்த நேரத்தில் வாயில் மாத்திரை போட்டால் குடல் அதை உள்ளே விடாது. வயிறு எரியும், மலம் கறுக்கும், பலன் இருக்காது. ஊசி வழியாக ஏற்றினால் குடலைத் தாண்டி நேரே ரத்தத்துக்குப் போய்க் கிருமிக்கும் தீனியாகலாம், அதனால்தான் தொற்று தீவிரமாக இருக்கையில் இரும்பு ஊசியைத் தவிர்க்கிறார்கள். 2021-இல் இரண்டாம் அலையில் பரவிய கரும்பூஞ்சையை நினைத்துப் பாருங்கள். ரத்தத்தில் சர்க்கரை கட்டுமீறி அமிலம் கூடும்போது, இரும்பைச் சுமக்கும் டிரான்ஸ்ஃபெரின் பிடி தளர்கிறது. அப்படி நழுவிய இரும்பில்தான் மியூக்கர் பூஞ்சை செழிக்கிறது. சர்க்கரை நோயாளிகள் நிறைந்த நம் ஊர்களில் இதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது.

ஹீமோகுளோபின் எவ்வளவு வேகமாக விழுகிறது?

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு கணக்கை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். மஜ்ஜை அடியோடு வேலையை நிறுத்தினாலும் ஒரு நாளைக்குக் குறைவது 1 சதவீதத்துக்கும் கீழே. ஹீமோகுளோபின் 12 இருந்தவருக்கு ஒரு வாரத்தில் 1 கிராம்கூடக் குறையாது. ஆகவே இரண்டு மூன்று நாளில் 12 என்பது 9 ஆனால் ‘காய்ச்சலில் ரத்தம் வற்றிவிட்டது’ என்று விடக் கூடாது. காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும்: எங்கோ ரத்தம் கசிகிறது, சிவப்பணு உடைகிறது, அல்லது குளுக்கோஸ், சலைன் ஏற்றியதில் ரத்தம் நீர்த்திருக்கிறது.

கசிவைக் கண்டுபிடிக்க மலத்தைப் பார்க்க வேண்டும். குடலில் ரத்தம் கசிந்தால் மலம் தார் மாதிரி பளபளவென்று ஒட்டும், நாற்றம் தாங்காது. இரும்பு மாத்திரையால் கறுத்த மலம் கரும்பச்சையாக, கெட்டியாக, ஒட்டாமல் இருக்கும். டெங்கு நாட்களில் மாத்திரையும் ஓடிக்கொண்டிருந்தால் இரண்டையும் பிரித்தறிவது கஷ்டம். அந்த நாட்களில் மாத்திரையை நிறுத்திவைக்கச் சொல்ல இதுவே ஒரு நல்ல காரணம். கர்ப்பிணிகள் மட்டும் தாங்களாக நிறுத்தக் கூடாது, பார்க்கும் டாக்டரிடம் கேட்டுச் செய்ய வேண்டும். பெண்களுக்கு டெங்குவின்போது மாதவிடாய் வழக்கத்தைவிட அதிகமாகப் போகலாம். கூச்சப்பட்டு மறைக்காமல், எத்தனை நாப்கின் மாற்றினீர்கள் என்ற எண்ணிக்கையோடு நர்ஸம்மாவிடம் சொல்லுங்கள்.

சிவப்பணு உடைந்தால் சிறுநீர் கோலா நிறத்தில் போகும், கண் மஞ்சளிக்கும். சிவப்பணுவைக் காக்கும் ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ளவர்களுக்குத் தொற்றே இதைத் தூண்டிவிடும்.

நீர்த்தல் பெரும்பாலும் தானே சரியாகும். டெங்குவில் நாளங்களிலிருந்து வெளியே கசிந்த நீர், ஆபத்துக் கட்டம் தாண்டியதும் ரத்தத்துக்குத் திரும்பும். ஏழாம் எட்டாம் நாளில் ஹீமோகுளோபின் ஒரு படி இறங்கித் தெரிவது இதனால்தான். நோயாளி நன்றாகச் சாப்பிட்டு, சிறுநீர் தாராளமாகப் போய், நாடித்துடிப்பும் சரியாக இருந்தால் அந்த இறக்கம் நல்ல சகுனம். அதே இறக்கம் நாடி வேகமாகி, கைகால் சில்லிட்டு வந்தால் உள்ளே ரத்தம் போகிறது என்று பொருள்.

ஏற்கெனவே ரத்தசோகை உள்ளவருக்கு டெங்கு வந்தால்

நடவு, களையெடுப்பு என்று வயலில் நிற்கும் பெண்கள் பலருக்குக் காய்ச்சலுக்கு முன்பே ஹீமோகுளோபின் 9, 10 தான். இவர்கள் விஷயத்தில் ஒரு பெரிய ஏமாற்று இருக்கிறது. டெங்குவில் நீர் கசிவதை பி.சி.வி. (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) வழக்கத்தைவிட 20 சதவீதம் ஏறுவதை வைத்துக் கண்டுபிடிக்கிறார்கள். வழக்கமாக 30 இருக்கும் பெண்ணுக்கு அது 36 ஆனாலே 20 சதவீதம் ஏறியாயிற்று. ஆனால் ரிப்போர்ட் தாளில் 36 என்பது ‘நார்மல்’ கட்டத்துக்குள் விழும், யாரும் சிவப்பு மையில் வட்டம் போட மாட்டார்கள்.

செய்ய வேண்டியது சுலபம். கர்ப்ப கால அட்டை, முகாமில் பார்த்த ரத்தச் சீட்டு, பழைய ஆபரேஷன் ஃபைல், எது இருந்தாலும் எடுத்துப்போய் ‘இவங்களுக்கு முன்னாடியே ரத்தம் இவ்வளவுதான்’ என்று காட்டுங்கள். ஹீமோகுளோபினை 3-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய பி.சி.வி. வரும். இந்த ஒரு சீட்டு பிளேட்லெட் எண்ணிக்கையைவிடப் பயன்படும் நாள் உண்டு. பிளேட்லெட்டை மணிக்கொரு தரம் கேட்கும் சொந்தக்காரர்கள் பி.சி.வி.யைக் கேட்பதே இல்லை.

காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் மட்டும். ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரைகள் வயிற்றில் ரத்தக் கசிவை உண்டாக்கும். பெட்டிக்கடையில் வாங்கும் ‘உடம்புவலி மாத்திரை’யும் பெரும்பாலும் இந்த இனம்தான். நிலவேம்புக் குடிநீர் குடிக்கிறவர்கள் குடிக்கட்டும், இரும்புக் கணக்கில் அது வராது.

ரத்தம் ஏற்றுவது பற்றி ஒரு வார்த்தை. கசிவு இல்லாமல் நிலையாக இருக்கும் பெரியவருக்கு ஹீமோகுளோபின் 7-க்குக் கீழே போனால்தான் பொதுவாக ஏற்றுவார்கள். இதய நோய் இருந்தால் 8. ஒரு யூனிட் சுமார் 1 கிராம் ஏற்றும், கூடவே 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பையும் கொண்டுபோகும். ‘ரெண்டு பாட்டில் ஏத்திடுங்க, தெம்பா இருக்கும்’ என்று டாக்டரை நெருக்காதீர்கள்.

ஃபெரிட்டின் உண்மையிலேயே பயமுறுத்தும்போது

காய்ச்சல் ஒரு வாரம் தாண்டியும் விடாமல், அல்லது விட்டுத் திரும்ப வந்து, ஹீமோகுளோபின், பிளேட்லெட், வெள்ளணு என்று எல்லாம் சேர்ந்து விழ, மண்ணீரலும் வீங்கி, ஃபெரிட்டின் பல ஆயிரம் என்று வந்தால் அது இரும்புப் பிரச்சினை இல்லை. நோயெதிர்ப்பு அணுக்கள் கட்டவிழ்ந்து தன் ரத்த அணுக்களையே விழுங்கும் எச்.எல்.எச். என்ற நிலையாக இருக்கலாம். டெங்குவுக்குப் பின்னும் இது வருகிறது. குறிப்பாகக் குழந்தைக்கு 10,000-ஐத் தாண்டினால் சந்தேகம் வலுக்கும். டிரைகிளிசரைடு, ஃபைப்ரினோஜன், தேவைப்பட்டால் மஜ்ஜைச் சோதனை என்று பார்க்க வேண்டியிருக்கும். ஊர் கிளினிக்கில் வைத்துக்கொண்டிராமல் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் என்று பக்கத்திலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அன்றைக்கே கொண்டுபோங்கள்.

காய்ச்சல் விட்டபின் பரிசோதனை

டிஸ்சார்ஜ் ஆன அன்றே இரும்புப் பரிசோதனைகளைத் தொகுப்பாக எடுப்பது பெரும்பாலும் பண விரயம். இரண்டு முதல் நான்கு வாரம் பொறுங்கள். பிறகு சி.பி.சி. (ரத்த அணுக்களின் எண்ணிக்கை), சி.ஆர்.பி. (அழற்சியின் அளவு), ஃபெரிட்டின், சீரம் அயர்ன், டி.ஐ.பி.சி. (ரத்தம் மொத்தம் எவ்வளவு இரும்பைச் சுமக்க முடியும் என்ற அளவு) எடுங்கள். காலையில், வெறும் வயிற்றில். அதற்குமுன் இரண்டு நாள் இரும்பு மாத்திரை போடக் கூடாது, போட்டால் சீரம் அயர்ன் பொய்யாக ஏறிக் காட்டும். சி.ஆர்.பி. சேர்க்காமல் ஃபெரிட்டின் மட்டும் எடுப்பது படி இல்லாமல் நெல் அளப்பது போல.

முதலில் ஹீமோகுளோபின். ஆண்களுக்கு 13-க்கும், பெண்களுக்கு 12-க்கும், கர்ப்பத்தின் முதல், கடைசி மூன்று மாதங்களில் 11-க்கும் கீழே இருந்தால் ரத்தசோகை. அடுத்து சீரம் அயர்னை டி.ஐ.பி.சி.யால் வகுத்து 100-ஆல் பெருக்குங்கள். இதுதான் டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன். சீரம் அயர்ன் 40, டி.ஐ.பி.சி. 400 என்றால் 10 சதவீதம். 20-க்குக் கீழே போனால் மஜ்ஜைக்கு இரும்பு போதவில்லை.

பிறகு ஃபெரிட்டின். அழற்சி இல்லாத பெரியவருக்கு 15-க்குக் கீழே என்றால் கையிருப்பு காலி. அழற்சி மிச்சம் இருந்தால் உலக சுகாதார நிறுவனம் அந்த எல்லையை 70-க்கு உயர்த்தி வைத்திருக்கிறது. அதாவது சி.ஆர்.பி. இன்னும் ஏறியே இருக்கும் ஒருவருக்கு ஃபெரிட்டின் 50 என்பது நார்மல் இல்லை, குறைபாடு. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு இந்த எல்லைகள் முறையே 12, 30.

சாச்சுரேஷன் குறைந்து, ஃபெரிட்டின் நூற்றுக்கணக்கில் நின்று, சி.ஆர்.பி.யும் இறங்காமல் இருந்தால் மதகு இன்னும் திறக்கவில்லை. மாத்திரையை வாரி இறைக்காமல், அடங்காத தொற்றோ வேறு நோயோ இருக்கிறதா என்று தேட வேண்டும்.

சிவப்பணுவின் சராசரி அளவைச் சொல்லும் எம்.சி.வி.யையும் ஒரு கண் பாருங்கள். 100-க்கு மேலே என்றால் பி12 அல்லது ஃபோலிக் அமிலக் குறைபாடு இருக்கலாம். சுத்த சைவக்காரர்கள், வருடக்கணக்கில் மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களுக்கு இது சகஜம். எம்.சி.வி. குறைந்து, சிவப்பணு எண்ணிக்கை மட்டும் 50 லட்சத்துக்கு மேலே இருந்தால் தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் கோளாறின் மரபணுவைச் சுமப்பவராக இருக்கலாம். எம்.சி.வி.யைச் சிவப்பணு எண்ணிக்கையால் (மில்லியனில்) வகுத்தால் 13-க்குக் கீழே வருவது அதற்கு ஒரு துப்பு. ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் எலக்ட்ரோஃபோரசிஸ் பரிசோதனை செய்து உறுதிப்படுத்தலாம். கையிருப்பு சரியாக இருந்தால் இவர்களுக்கு இரும்பு மாத்திரை வேண்டாத சுமை.

மாத்திரை எப்படிப் போடுவது

அட்டையில் பெரிய எழுத்தில் இருக்கும் எண்ணை நம்பாதீர்கள், ‘எலிமென்டல் அயர்ன்’ எவ்வளவு என்று பாருங்கள். உலர்ந்த ஃபெரஸ் சல்ஃபேட் 200 மில்லிகிராமில் இருப்பது சுமார் 65 மில்லிகிராம் இரும்பு. ஃபெரஸ் குளுக்கோனேட் 300-இல் 35 தான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெரியவர்களுக்குக் கிடைக்கும் மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கும். கடையில் நூற்றுக்கணக்கான ரூபாய்க்கு விற்கும் மாத்திரையைவிட அது ஒன்றும் மட்டம் இல்லை.

தினம் இரண்டு மூன்று போட்டால் சீக்கிரம் ஏறும் என்பது தப்புக் கணக்கு. 60 மில்லிகிராமோ அதற்கு மேலோ ஒரு வேளை போனாலே ஹெப்சிடின் ஏறி, அடுத்த 24 மணி நேரத்துக்கு மறு வேளையின் உறிஞ்சலைக் குறைக்கிறது. அதனால் லேசான குறைபாட்டுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டாலும் போதும், வயிற்றுத் தொந்தரவும் குறையும். ஹீமோகுளோபின் மிகக் குறைவாக உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் தினசரி அளவை டாக்டர்தான் முடிவுசெய்ய வேண்டும்.

காலையில், வெறும் வயிற்றில், எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரோடு. பிரச்சினை காபிதான். கும்பகோணம் பக்கம் கண் விழித்ததும் டபரா செட் கையில் இருக்க வேண்டும். சாப்பாட்டோடு குடிக்கும் காபி இரும்பு உறிஞ்சலைச் சுமார் 40 சதவீதம் குறைக்கிறது, டீ 60-க்கு மேல். மாத்திரையைப் போட்டு இரண்டு மணி நேரம் கழித்துக் காபி குடியுங்கள். முடியாது என்கிறவர்கள் மாலை நாலு மணிக்கு மாத்திரையை நகர்த்தலாம், மதியச் சாப்பாட்டுக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் நடுவில். வயிறு புரட்டினால் சாப்பிட்டபின் போடுங்கள். உறிஞ்சல் குறையும், ஆனாலும் குப்பையில் போகும் மாத்திரையைவிட மேல். கால்சியம் மாத்திரை, பால், தயிர் எதையும் கூடவே சேர்க்காதீர்கள். தைராய்டு மாத்திரைக்கு 4 மணி நேர இடைவெளி. உண்ணிக் காய்ச்சலுக்கு டாக்ஸிசைக்ளின் சாப்பிடுகிறவர்கள் இரண்டையும் சேர்த்தால் மருந்தும் வீண், இரும்பும் வீண்.

ஆஸ்பத்திரியில் எழுதிய, வயிற்று அமிலத்தைக் குறைக்கும் பான்டாப்ரசோலை மாதக்கணக்கில் தொடர்கிறவர்கள் உண்டு. வயிற்றில் அமிலம் இல்லாவிட்டால் இரும்பு கரையாது. இன்னும் தேவையா என்று கேட்டு நிறுத்துங்கள்.

வயலில் வெறுங்காலோடு நிற்பவர்களுக்குக் கொக்கிப்புழு இருக்கலாம், அது குடல் சுவரில் தொங்கித் தினமும் ரத்தம் குடிக்கும். அல்பென்டசோல் 400 மில்லிகிராம் ஒரே ஒரு மாத்திரை, மெல்ல மெல்லச் சேரும் இரும்பைக் காப்பாற்றும். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் மட்டும் கூடாது.

சாப்பாட்டில் பெரிய மயக்கம் நிறம்தான். பீட்ரூட்டும் மாதுளையும் சிவப்பாக இருப்பதால் ரத்தம் ஊறாது. 100 கிராம் மாதுளையில் இரும்பு அரை மில்லிகிராம்கூட இல்லை. சம்பா அறுப்புக்கு முன்பே வயலில் தெளிக்கிற உளுந்திலும் பச்சைப்பயறிலும் அதே எடைக்கு 5 மில்லிகிராம் அளவு இருக்கிறது. கம்பில் அதைவிடக் கொஞ்சம் கூடுதல். தாவர இரும்பு எளிதில் சேராது, அதனால் பயறை முளைகட்டி, சாப்பாட்டோடு நெல்லிக்காயோ கொய்யாவோ ஒரு துண்டு கடித்துக்கொள்ள வேண்டும். அசைவக்காரர்களுக்கு ஆட்டு ஈரல், மீன். புளிக்குழம்பை இரும்புச் சட்டியில் வைத்தால் குழம்பிலேயே கொஞ்சம் இரும்பு இறங்கும். ஆனால் ஹீமோகுளோபின் 9-இல் இருக்கும் ஒருவரைக் கீரையால் மட்டும் தூக்க முடியாது, மாத்திரை வேண்டும்.

ஏறுகிறதா என்று பார்ப்பது

ஏழு முதல் பத்து நாளில் ரெட்டிகுலோசைட், அதாவது மஜ்ஜையிலிருந்து புதிதாக வரும் இளம் சிவப்பணு, ஏறும். நான்கு வாரத்தில் ஹீமோகுளோபின் குறைந்தது 1 கிராமாவது கூடியிருக்க வேண்டும். கூடாவிட்டால் அளவை இரட்டிப்பாக்காமல் வரிசையாகக் கேளுங்கள்: மாத்திரை உண்மையில் வயிற்றுக்குப் போனதா? காபியோடு போனதா? மாதவிடாய், மூலம், வயிற்றுப்புண் வழியாக ரத்தம் போகிறதா? சி.ஆர்.பி. இறங்கிவிட்டதா? பி12 பார்த்தாயிற்றா?

எல்லாம் சரியாக இருந்தும் ஏறாதவர்களுக்கும், மாத்திரை வயிற்றில் நிற்காதவர்களுக்கும்தான் ஊசி. மொத்தத் தேவைக்கு ஒரு சூத்திரம்: எடை × (15 − தற்போதைய ஹீமோகுளோபின்) × 2.4 + 500. எடை 50 கிலோ, ஹீமோகுளோபின் 8 என்றால் 1,340 மில்லிகிராம். அயர்ன் சுக்ரோஸ் ஒரு தடவைக்கு 200 மில்லிகிராம் என்று பல தடவை போக வேண்டியிருக்கும். ஃபெரிக் கார்பாக்சிமால்டோஸ் ஒரே தடவையில் 1,000 வரை ஏற்றலாம், ஆனால் ரத்தத்தில் பாஸ்பரஸை இறக்கிவிடக் கூடியது. ஊசிக்குப் பின் அசதியும் எலும்பு வலியும் கூடினால் அதைப் பாருங்கள். எதுவானாலும் ஆஸ்பத்திரியில், முடிந்தபின் அரை மணி நேரம் உட்காரவைத்து. காய்ச்சல் இருக்கும் அன்றைக்கு வேண்டாம்.

ஹீமோகுளோபின் நார்மலுக்கு வந்த நாளோடு மாத்திரையை நிறுத்தாதீர்கள். கையிருப்பு நிரம்ப இன்னும் மூன்று மாதம் ஆகும். நடுவில் மறுபடி காய்ச்சல் வந்தால் அந்தச் சில நாள் நிறுத்தி, விட்டதும் தொடருங்கள். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, மயங்கி விழுந்தாலோ 108-ஐக் கூப்பிடுங்கள்.

மூன்று நான்கு மாதம் வீட்டில் இரும்பு மாத்திரை கிடக்கப் போகிறது என்பதால், மிட்டாய் மாதிரி சிவப்பாக இருக்கும் அட்டையைச் சாமி மாடத்திலோ டிவி பக்கத்திலோ வைக்காதீர்கள். 10 கிலோ எடையுள்ள குழந்தை 60 மில்லிகிராம் மாத்திரை பத்தை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. விழுங்கிவிட்டால் வாந்திக்காகக் காத்திருக்காமல், வீட்டு வைத்தியம் பார்க்காமல், காலி அட்டையைக் கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். எத்தனை மாத்திரை போயிருக்கிறது என்று அந்த அட்டைதான் சொல்லும்.